பதினைந்தாம் நம்பர் காடு

போன வருடம் ஒரு நாள் காலை, முதியோர் உதவித் திட்டம் ஒன்றில் அம்மாவின் பெயரைப் பதிவதற்காக ஒரு கவுன்ட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் பிறப்புச் சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், எழுபது வருடத்துக்கு மேல் பழையது. நான்காக மடித்து மடித்து மடிப்பெல்லாம் பிய்ந்து, பின்னால் ஒட்டிய டேப்பும் பழுப்பேறிப் போயிருந்தது. 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் யாரோ ஒரு கிராணி சாய்த்துச் சாய்த்து எழுதியிருந்தார்: சுங்கை ரெங்கம் எஸ்டேட், பத்து தீகா. கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கணினியில் ஊர்ப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். சுங்கை பூலோ இருந்தது, சுங்கை பெசார் இருந்தது, சுங்கை ரெங்கம் இல்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தவர் முகம் மலர்ந்து, "சாமா லா, அங்கிள். செக்காராங் ஷா ஆலம்" என்று, இரண்டும் ஒன்றுதான், இப்போது அது ஷா ஆலம் என்று மலாயில் சொல்லிவிட்டுத் தட்டிவிட்டார். அச்சாகி வந்த தாளின்படி என் அம்மா 1950-இல் ஷா ஆலமில் பிறந்தவர்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறுமையாகத்தான் தேடினார். பட்டியலில் இல்லாத ஊரை அவர் எங்கே போய்க் கொண்டுவருவார்? ஆனால் வெளியே வந்து காரில் ஏறியபிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. ஷா ஆலமைக் கட்டத் தொடங்கியதே 1963-இல், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத் தலைநகராக அறிவித்தது 1978 டிசம்பர் 7-இல். அம்மா தன்னைவிடப் பதின்மூன்று வயது இளைய ஊரில் எப்படிப் பிறக்க முடியும்? இதை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தேன். அம்மா பக்கத்து இருக்கையில் அந்தத் தாளைத் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் ஷா ஆலத்துக்காரியாடா?" என்று கேட்டார். கேட்ட தொனியில் வருத்தம் இல்லை. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் என் வயதுக்காரர்களுக்குப் புரியும். பழைய பெயருக்கு மலாயில் கொஞ்சம் ஏடாகூடமான பொருளும் தொனிக்கும் என்று 2007-இல் மாற்றினார்கள். பேருந்தில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டபோது சிரித்த கண்டக்டர்களை நினைத்தால் மாற்றியது சரிதான் என்றும் தோன்றும். சுற்றிலும் செம்பனைதான். ஊருக்கு அருகிலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டார். வெள்ளைக்காரத் துரை போட்ட தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர், அதிலும் செம்பனை நட்ட தோட்டத்துக்குத் தென்னையின் பெயர். ஆக, பெயரும் பொருளும் பொருந்தாத ஊரிலிருந்து வருகிறவன் நான். ஒரு படிவத்தில் விழுந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு சிலிர்த்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஆலை முதலில், முடி பிறகு

நம் பிள்ளைகளுக்கு ஷா ஆலமைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வசனம் தவறாமல் வரும்: சுதந்திரத்துக்குப் பிறகு திட்டமிட்டு எழுப்பிய நகரம். அது உண்மை. 1963-இல் வேலை தொடங்கியது. 1964-இல் மாநில மேம்பாட்டுக் கழகம் உருவாகி, பிறகு அந்த ஊரைக் கட்டும் பொறுப்பெல்லாம் அதனிடம் போனது. இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். ஒரு பக்கம் கோலாலம்பூர், இன்னொரு பக்கம் கிள்ளானும் துறைமுகமும். நடுவில் 1886-இலிருந்தே ஓடும் இரயில் தடம், அதற்கு இணையாகச் சாலை. எந்த முதலாளிக்கும் எச்சில் ஊறும் இடம். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1965-இலேயே வந்துவிட்டது. வானொலிப் பெட்டி, மின்விசிறி என்று நம் வீடுகளில் 'நேஷனல்' என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தவை அவர்களுடையவை. 1967-இல் பத்து தீகாவில் வோல்வோ கார்களைப் பூட்டும், அதாவது பாகங்களைச் சேர்த்துக் காராக்கும், ஆலை திறந்தது, நாட்டின் முதல் கார் பூட்டும் ஆலை அதுதான். அதே வருடம் மாரா தொழில்நுட்பக் கழகத்துக்கு அங்கே அடிக்கல் நட்டார்கள். 1968-இல் கார்ப் பந்தயத் தடம் வந்தது. இத்தனையும் வந்து முடிந்தபோது ஷா ஆலம் தலைநகர் இல்லை. தலைநகர் ஆகும் என்று யாரும் நினைத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் சிலாங்கூருக்குக் கோலாலம்பூர் இருந்தது.

1974 பிப்ரவரி 1-இல் சுல்தான் சலாஹுதீன் கோலாலம்பூரை மத்திய அரசுக்குக் கொடுத்தார். அதன் நினைவாக எழுந்த கோத்தா டாருல் எஹ்சான் வளைவின் கீழேதான் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நாம் தினமும் நெரிசலில் நிற்கிறோம். தலை போன மாநிலம் கொஞ்சகாலம் கிள்ளானை வைத்துச் சமாளித்துவிட்டு, ஏற்கெனவே ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த ஷா ஆலமுக்கு 1978-இல் முடிசூட்டியது. பெயர்கூட சுல்தானின் தந்தையுடையது. இரண்டாவது மாமன்னராக இருந்து 1960-இல் பதவியிலேயே காலமான ஹிசாமுதீன் ஆலம் ஷா அவர். அரண்மனையும் ஆட்சியும் முதலில் வந்து அதைச் சுற்றிக் கடைத்தெரு வளர்வதுதான் பழைய ஊர்களின் வழக்கம். இங்கே ஆலை முதலில் வந்தது, ஆட்சி பின்னால் வந்து சேர்ந்தது. நீலப் பள்ளிவாசல் 1988-இல்தான் கட்டி முடிந்தது. அதன் கோபுரங்கள் 142 மீட்டருக்கு மேல் உயரம். இன்று ஷா ஆலம் என்றதும் எல்லாருக்கும் அதுதான் கண்ணில் வருகிறது. வயதைக் கேட்டால் அதற்கு முன்னால் இருபது வருடம் சங்கு ஊதிய ஆலைகள் பின்னால் நிற்கின்றன.

ஆனால் 1963-க்கு முன்னால் என்ன? அங்கேதான் நம் வசனம் தடுக்கும். 'ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்த பகுதி' என்று பாதி வரி வரும், அத்துடன் முடிந்துவிடும். மரம் இருந்ததாம். அந்த மரத்தில் வெட்டுப் போட்டுப் பால் எடுத்தவர்கள் யார், எங்கே படுத்தார்கள், எங்கே போனார்கள் என்பதற்கு அந்தப் பாதி வரியில் இடமில்லை. ஷா ஆலம் மட்டுமல்ல, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கே அப்படித்தான். பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டத்தின்மேல். ஒரு பால்மரக் காட்டிலிருந்து இன்னொரு பால்மரக் காட்டுக்கு நாம் டோல் கட்டிப் போய்வருகிறோம்.

பெயர்களில் மட்டும் கொஞ்சம் ஒட்டுப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்தில் பாலெல்லாம் வடிந்து போனபிறகு கோட்டில் காய்ந்து கிடப்பதைப் பிய்த்து எடுப்போமே, அதுபோல. கிளென்மாரி, எபோர், மிட்லண்ட்ஸ், எல்மினா: எல்லாம் தோட்டத்துப் பெயர்கள். எபோர் என்பது இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு ரோமானியர் வைத்த பெயரின் சுருக்கம். லத்தீன் தெரியாத நம் ஆட்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொந்த ஊராகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஷா ஆலமின் செக்‌ஷன் 7-இல் இருக்கிறது, தோட்டம் இல்லாமல். எனக்கு மிகவும் பிடித்தது ஹைகோம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஹைகோம் என்பது 1980-இல் அரசு தொடங்கிய கனரகத் தொழில் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். நாட்டின் சொந்தக் காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்ததற்குப் பின்னால் இருந்தவர்கள் அவர்கள்தான். ஹைகோம் என்ற பெயரில் எந்தத் துரையும் பால்மரம் நட்டதில்லை. இருந்தும் தமிழ்ப்பள்ளி என்றால் முன்னால் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) வேண்டும் என்ற பழக்கத்தில், ஒரு தொழிற்பேட்டையையே தோட்டமாக்கிவிட்டார்கள். இதைப் பார்த்து முதலில் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோயிலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 2009 ஆகஸ்ட் 28 எல்லாருக்கும் நினைவிருக்கும். செக்‌ஷன் 19-இல் இருந்த மாரியம்மன் கோயிலை 23-க்கு மாற்றுவதை எதிர்த்துச் சிலர் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போன நாள் அது. அன்று சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, இந்த வட்டாரத்தில் இந்துக்கள் குறைவு என்பது. கணக்குப்படி அது சரியாகவே இருக்கலாம். எண்ணத் தொடங்கிய வருடம் எது என்பதில்தான் வழக்கு.

சைக்கிளிலிருந்து இறங்குதல்

தாத்தா சுங்கை ரெங்கத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவர். தமிழ்நாட்டிலிருந்து வாலிபத்தில் வந்து, கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) யோடு இருந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிலேயே இறந்தார். அவரைப் பற்றி என்னிடம் இருக்கும் தெளிவான படம் ஒன்றுதான். எனக்கு ஏழெட்டு வயது. சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப் போவார். எதிரே கார் வந்தால் சைக்கிளை ஓரம் கட்டி, இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கார் போனபிறகு ஏறுவார். லாரிக்கு இறங்கமாட்டார், பேருந்துக்கும் இறங்கமாட்டார். காருக்கு மட்டும். நான் அது பயம் என்று நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து 1941-ஆம் வருட வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, எங்கள் பெண்கள்மேல் கைவைக்காதே, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குச் சரியான படிப்பைக் கொடு என்று கேட்டார்கள். கூடவே இன்னொன்று: துரைமார்களைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. மே மாதம் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அது நடந்து நாற்பது வருடம் ஆகப்போகிற காலத்திலும், பத்தாங் பெர்ஜுந்தை சாலையில், ஒரு சீனத் தௌக்கேயின் பழைய டட்சனுக்கு என் தாத்தா சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார்.

இதுதான் எனக்கு உறுத்தல். காரைக் கண்டால் இறங்கி நின்ற மனிதர் மரம் வெட்டிய வட்டாரத்தில், கார் பூட்டும் ஆலை வந்தது, கார் பறக்கும் பந்தயத் தடம் வந்தது, நாட்டின் சொந்தக் கார் வந்தது. இதில் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் 'திட்டமிட்ட நகரம்' என்று எப்படி முடிக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குள் ஒரு வழக்கே தயாராகிவிட்டது. வாதி நான். கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன்: வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கைகழுவிய துண்டாடல் காலம், அதைத் தாங்க 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், நூறு வெள்ளிப் பங்குக்குத் தாத்தா மாதம் பத்துப் பத்தாகக் கட்டியது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெர்மிட் கிடைக்குமா கிடைக்காதா என்று சிவப்பு ஐ.சி.காரர்கள் தூங்காமல் கிடந்த இரவுகள். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. வேலை அவிழ்ந்தால் வீடும் அவிழ்ந்துவிடும். காடு காடாக மரத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தபோது, லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பது நகரத்தின் வரைபடத்தில் இல்லை. தாத்தா குடும்பம் பாடாங் ஜாவாவில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு ஒண்டியது.

இந்த வழக்கில் அம்மாவை முதல் சாட்சியாக நிறுத்தலாம் என்பது என் எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்கம்மா, நீங்க பொறந்த இடத்தைப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

ஜாலான் ரெங்கம்

லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறி, கத்ரி நெடுஞ்சாலையைப் பிடித்து இறங்கினோம். கத்ரியும் ஒரு தோட்டக் கம்பெனியின் பெயர்தான், 1981-இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசியா மடக்கிப் பிடித்த கம்பெனி. இதையும் நான் அம்மாவிடம் விளக்கினேன். "ம்" என்றார். சாட்சி வண்டியில் தூங்கிவிட்டார்.

செக்‌ஷன் 15-இல் ஜாலான் ரெங்கம் என்று ஒரு சாலை இருக்கிறது. ரெங்கம் என்ற பெயரை நான் கண்ணால் பார்த்த இடம் அது. இரண்டு பக்கமும் ஆலைகள், கிடங்குகள், ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடிய கதவுகள். அம்மாவை இறக்கி நிறுத்தி, "ஏதாவது ஞாபகம் வருதாம்மா?" என்று கேட்டேன். கைப்பேசியில் பதிவு செய்யவும் தயாராக இருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அம்மா சுற்றிப் பார்த்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். மரம் இல்லாத இடத்தில் மரத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாதுதான். கொஞ்ச தூரம் நடந்து, சிமெண்டுச் சுவர் கட்டிய ஒரு பெரிய சாக்கடையின் ஓரம் நின்று எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு சாண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி அந்தப் பக்கம்தான் போவும். அப்ப மேடு இந்தப் பக்கம்" என்றார். மேடு இருந்ததாகச் சொன்ன திசையில் ஒரு கிடங்கின் கூரைதான் தெரிந்தது. சாலையை நன்றாகக் கவனித்தபோது அது அந்தப் பக்கம் மெல்ல ஏறுவது தெரிந்தது. காரில் போனால் தெரியாத ஏற்றம். பால்வாளியைக் காண்டா என்ற தோள்கம்பில் மாட்டித் தோளில் சுமந்தவருக்குத்தான் தெரியும்.

நான் காத்திருந்தது வரவில்லை. கண் கலங்கவில்லை. சாலைப் பெயர்ப் பலகையைக் காட்டி, "அது என்னடா நம்பர்?" என்று கேட்டார். பதினைந்தின் கீழ் ஐந்து என்றேன். இந்த ஊரில் எல்லாமே நம்பர்தான், செக்‌ஷனுக்கு நம்பர், ரோட்டுக்கு நம்பர், பெயர்கூட வைக்காமல் மனிதர்களை எண்களுக்குள் அடைத்துவிட்டார்கள் என்று என் பழைய பிரசங்கத்தைத் தொடங்கினேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தோட்டத்துல மட்டும் என்ன பேரா வச்சிருந்தான்? பதினஞ்சாம் நம்பர் காடு, இருவதாம் நம்பர் காடு. அங்கயும் நம்பர்தான். பெரட்டுல தண்டல் நம்பரத்தான் கூப்புடுவான். இன்னிக்கு உனக்கு எந்தக் காடுன்னு நம்பரத்தான் சொல்லுவான்" என்றார். பெரட்டு என்றால் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு, தண்டல் என்றால் மேற்பார்வையாளர், காடு என்றால் தோட்டத்தின் ஒரு பகுதி. பிறகு, "எனக்கும் செக்ரோல்ல நம்பரு. சொல்லட்டா?" என்று கேட்டு, அறுபது வருடத்துக்கு முந்தைய நம்பரைப் பட்டென்று சொன்னார். தன் கைப்பேசி எண் அவருக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

அந்த இடத்தில் என் வழக்கு ஆட்டம் கண்டுவிட்டது. திட்டமிட்டவர்கள் வெற்றுத் தாளில் நகரத்தை வரைந்தார்கள் என்று திட்டுவதற்குத்தான் நான் வந்திருந்தேன். அம்மாவோ தாள் வெற்றுத் தாளே இல்லை என்கிறார். ஏற்கெனவே கோடு போட்டு, எண் போட்டு, யார் எங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று எழுதிவைத்த தாள். மேலே கொஞ்சம் பெயிண்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்குப் பெரட்டு, ஆறு மணிக்கு நெற்றிவிளக்கோடு நெரையில் நானூறு ஐந்நூறு மரம், பத்து மணிக்குப் பால் எடுப்பு, பிறகு நிறுவைக்கு வரிசை. இதில் பழகிய ஒரு கூட்டத்துக்கு ஆலைச் சங்கு அந்நியமாக இருந்திருக்காது. தோட்டம் அழிந்து நகரம் வந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் 'அழிந்து' என்ற சொல் சரிதானா என்று முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. ஹைகோம் தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பும் அங்கேயே நின்றுவிட்டது.

வெயில் தாங்காமல் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். அம்மா தே தாரிக்கை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி சித்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அம்மாவுக்கு 1969-இல் கல்யாணம். பாடாங் ஜாவா பலகை வீட்டிலிருந்து நேராகப் பத்தாங் பெர்ஜுந்தை, அப்பாவின் தோட்டம், மறுபடி காடு. சித்தி நாலு வயது இளையவர். அங்கேயே இருந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் ஷா ஆலமில் ஓர் எலக்ட்ரானிக் பேக்டரியில் சேர்ந்தார். பேக்டரி பஸ் வீட்டு முனைக்கே வரும். நீலக் கவுன், வெள்ளைச் சப்பாத்து. முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம். "நான் லீவுக்கு வந்தா அவ கைய ஆட்டி ஆட்டிப் பேசுவா. மணி பாக்குறதுக்கு இல்ல, வாட்ச்சு தெரியணும்னு" என்று சொல்லி அம்மா சிரித்தார். பேக்டரிக்குப் போகிற பெண் என்று அக்கம்பக்கம் நாலு விதமாகப் பேசியதும் உண்டு, சித்தி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். கொசுக்கடி இல்லை, அட்டை இல்லை, மழை பெய்தால் கூலி போகாது. "ஒரு அஞ்சு வருசம் பிந்திப் பொறந்திருந்தா நானும் இந்த ஊர்லதான் இருந்திருப்பேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்தத் தாளை ஏன் அப்படித் தூக்கிப் பிடித்துப் படித்தார் என்பது உறைத்தது. பார்க்காத தோட்டத்துக்காக நான் அழத் தயாராக இருக்கிறேன். நான் பிறந்தது செம்பனைக் காலத்தில், கையில் உளி பிடித்ததே இல்லை. அந்தத் தோட்டத்தில் விடியற்காலையில் எழுந்தவர் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அவர் இழந்ததாக நினைப்பது தோட்டத்தை அல்ல, தன் கண் முன்னால் வந்துகொண்டிருந்த நகரத்தை. மரம் சாய்ந்து, ஆலை எழும்பி, பஸ் வரப்போகிற நேரத்தில் அவரைத் திரும்பவும் காட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து ஒரு கவுன்ட்டர்ப் பெண் ஒரே ஒரு தட்டில் அதைச் சரிசெய்துவிட்டார். அதை நான் திருத்தவேண்டும் என்று துடித்திருக்கிறேன், மேல்முறையீட்டுப் படிவம்கூட விசாரித்து வைத்திருந்தேன். அதை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கப்போகிறேனா என்று கேட்டால் இன்றைக்கு இல்லை என்பதுதான் பதில்.

இதை எழுதும்போது என் பக்கம் முழுவதுமாகத் தோற்றுவிட்டதாகவும் நினைக்கவில்லை. சித்தியின் கைக்கடிகாரம் உண்மை என்றால், தாத்தா வாடகைக்கு ஒண்டியதும் உண்மை. அம்மாவுக்கு அந்த ஊர் மேல் ஆசை இருக்கிறது என்பதற்காக, பட்டியலில் சுங்கை ரெங்கம் இல்லாதது சரியாகிவிடாது. ஆனால் அவருடைய சாட்சியத்தை என் வழக்குக்கு ஏற்றபடி மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

திரும்பும்போது வழி தவறி ஒரு பின்சாலையில் நுழைந்துவிட்டேன். ஓர் ஆலையின் பக்கவாட்டில் தொழிலாளர் ஆஸ்டல். மூன்று மாடி, நீளமாக ஒரே வரிசையில் கதவுகள், கதவுக்கு வெளியே சப்பாத்துகள், கம்பி முழுக்கக் காயும் சட்டைகள். கீழே பொதுக் குழாயடியில் நாலைந்து பேர் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். "நிறுத்துடா" என்றார் அம்மா. கண்ணாடியை இறக்கி வெகு நேரம் பார்த்தார். "லயம்டா இது. மேல மேல அடுக்கி வச்சிருக்கான்."

பிளாஸ்டிக் பையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு ஒரு பையன் நடந்து வந்தான். வங்காளதேசத்துப் பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது. வழி கேட்கத்தான் கூப்பிட்டேன். அவன் கையால் காட்டிச் சொல்லி முடித்ததும் அம்மா குறுக்கே புகுந்து, எத்தனை வருடம் ஆச்சு, எவ்வளவு சம்பளம், ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கட்டினாய் என்று தன் தோட்டத்து மலாயில் விசாரிக்கத் தொடங்கினார். அவனும் தன் ஆலை மலாயில் சலிக்காமல் பதில் சொன்னான். கடன் இன்னும் பாதி இருக்கிறதாம். அம்மா கைப்பையைத் திறந்து, கோயிலில் வாங்கி வைத்திருந்த இரண்டு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். "பிலா பாலேக்?" என்று கேட்டார், எப்போது ஊருக்குத் திரும்புவாய் என்று.

"தாவுன் டெப்பான், மக்சிக்."

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு அம்மா சொன்னார், "எங்கப்பாவும் வருசா வருசம் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு, அடுத்த வருசம்னு." அதற்குமேல் எதுவும் பேசவில்லை. எல்மினா டோல் வந்ததும், கார்டில் காசு இருக்கிறதா என்று கேட்டார்.